மந்திரம் பெற்ற இளமை: மணிமேகலையும் இளையோர் மாயப் புதினமும்

மதுரை நகரின் மேற்புறத்தே தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் கூடும் சந்தி காளவாசல் எனப் பெயர் பெறும். செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளையைக் காளவாசல் என்றல் வழக்கு. சூளை போய்ப் பெயர் நிற்கின்றது. பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் மாணவர் பலர் அச்சந்தியில் பேருந்திற்குக் காத்து நிற்பர். அவ்வாறு நின்ற முதுகலை மாணவி ஒருவர் கையில் தடித்த ஆங்கிலப் புதினம் ஒன்று இருக்கக் கண்டு, அஃது யாது என வினவினோம். தன்பால் மந்திர ஆற்றல் உண்டென்பதைப் பதினைந்து வயதில் அறியவரும் ஒரு பெண்ணின் கதை என்றார். தமிழில் அத்தகைய கதை உண்டோ எனக் கேட்டோம். "நம் இலக்கியத்தில் தெய்வந்தான் மாயம் செய்யும் ஐயா, பிள்ளைகள் செய்வதில்லை" என்பது அவர் தந்த விடை. அவ்விடையிற் பாதி உண்மை. மற்றைப் பாதியைக் குறித்தே இக்கட்டுரை எழுதலுற்றோம். அம்மாணவி மணிமேகலையைப் பாடமாகக் கற்றுத் தேர்வும் எழுதியவர் என்பது பின்னர்த் தெரியவந்தது. அக்காப்பியத்தைக் கற்பிக்கும் முறையில் யாம் எங்கோ பிழை செய்துவிட்டோம் என்னும் எண்ணம் அன்று முதல் எம்மை விட்டு நீங்கவில்லை.

பாதி உண்மை என்றதன் காரணத்தை முதற்கண் கூறுவோம். காளவாசலினின்று மேற்கே செல்வார் நாகமலை நீண்டு கிடத்தலைக் காண்பர். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தின்படி அது மலையன்று; மாற்றுச் சமயத்தார் வேள்வியில் தோற்றுவித்துப் பாண்டியன் நகர்மேல் ஏவிய பாம்பு. ஆனைமலை அவ்வாறு ஏவப்பட்ட யானை, பசுமலை மாயப்பசு. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் யாவும் தோற்றுப்போன மாயங்களின் உடல்கள் என்பது புராணத்தின் காட்சி. வென்றவர் கூறும் வரலாறு அவ்வாறுதான் இருக்கும். தோற்றவர் பக்கத்தையும் அறிய விழைவார், நாகமலைக்கு அணித்தே கீழக்குயில்குடிச் சமணர் மலையில் பாறைமேல் அமைதியாக வீற்றிருக்கும் தீர்த்தங்கரர் உருவங்களைக் கண்டு வருக. அதே புராணத்தில் இறைவன் எல்லாம் வல்ல சித்தராய் மதுரைத் தெருக்களில் உலாவிப் பல வியப்புகளை நிகழ்த்துகின்றார். கல்யானை கரும்பு தின்கின்றது. இவற்றையெல்லாம் 'காட்டும் மாயம்' என ஒரு பெயரால் அடக்கலாம். காண்போர் வியப்பர், பணிவர்; அத்துடன் படலம் முடியும். மாயம் செய்தவர் அதனால் ஒரு சிறிதும் மாறுவதில்லை. அவர் முன்னும் இறைவர், பின்னும் இறைவர்.

இளையோர்க்கென மேனாட்டில் எழுதப்பெறும் மாயப் புதினம் இதனின் முற்றும் வேறானது. ஆண்டுப் பேசப்படுவது 'பெறும் மாயம்'. பெற்றவரை அது மாற்றும்; மாற்றாதாயின் புதினம் இல்லை. ஊர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்க அம்மையார் 1968-இல் வெளியிட்ட எர்த்சீ மந்திரவாதியின் கதையில், மலைத்தீவொன்றில் வாழும் சிறுவன் தன் அத்தை ஆட்டை அழைக்கச் சொன்ன சொல்லைக் கேட்டுத் தானும் சொல்லிப் பார்க்கின்றான்; ஆடுகள் வந்து குவிகின்றன. அவனிடத்து ஆற்றல் உண்டென்பது அன்றே வெளிப்படுகின்றது. வளர்ந்தபின் செருக்கினால் அவன் ஓதிய ஒரு மந்திரம் இருள்நிழல் ஒன்றை உலகிற் புகவிட, அந்நிழலைத் தேடிச் செல்லுதலே எஞ்சிய கதையாகின்றது. ரௌலிங் அம்மையார் 1997-இல் தொடங்கிய ஏரி பாட்டர் நூல்வரிசையிலோ, பெற்றோரை இழந்த பதினொரு வயதுச் சிறுவனுக்குக் கடிதம் ஒன்று வருகின்றது. அவன் யாவன் என்பதைப் பிறர் வந்து அவனுக்கு உரைக்கின்றனர். இவ்விரண்டையும் நோக்குவார்க்கு இவ்வகையின் எலும்புக்கூடு ஒருவாறு புலனாகும். தன்னை அறியாத இளமை, வீட்டினின்றும் பிரிக்கப்படுதல், முன்னை வரலாறு உணர்தல், சொல்லின் வழியே ஆற்றல் எய்துதல், அவ்வாற்றலுக்கு எல்லை உண்மை, அதனைக் கையாள்வதில் நேரும் பெரும்பிழை, அப்பிழையின் பின்னர் எய்தும் முதிர்ச்சி என்பன அவை.

இவ்வெலும்புக்கூட்டை மனத்துட் கொண்டு மணிமேகலையை மீண்டும் திறப்போமாக.

அதற்குமுன் ஒரு சொல். மந்திரம் என்றவுடன் பிற்கால நாடோடிக் கதைகளின் நினைவு நமக்கு எழுகின்றது. 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா முதலிய இதழ்களைப் படித்து வளர்ந்தவர்க்கு மந்திரவாதி என்பான் ஏழு கடலுக்கு அப்பால் கிளியின் உடலில் தன் உயிரை வைத்திருக்கும் கிழவன், அரசிளங்குமரியைச் சிறைவைப்பவன், கதைமுடிவில் மாள வேண்டியவன். இளைஞன் அவனை வெல்வானேயன்றி அவன் கலையைக் கற்கமாட்டான். ஆதலின் மந்திரம் தீயோர் பொருள் என்னும் கருத்து நம்மிடை வேரூன்றிவிட்டது. தொல்காப்பியர் கருத்து அதுவன்று. நிறைந்த மொழியினையுடைய மாந்தர் தம் ஆணையாற் கூறும் மறைமொழியே மந்திரம் என்று செய்யுளியலில் அவர் இலக்கணம் வகுத்தார். மந்திரத்தின் ஆற்றல் சொல்லில் இல்லை. சொல்பவரின் நிறைவில் உள்ளது என்பது அதன் கருத்தாகக் கொள்ளத்தகும். அவ்வியலிலேயே உரைநடை வகைகளைக் கூறுமிடத்துப் பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழிக்கும் அவர் ஓர் இடம் அளித்துள்ளமை நினைக்கத்தக்கது. யானையும் குருவியும் நட்புக்கொண்டு திரிந்தன என்றாற்போல்வது அதற்குப் பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. நடவாததை நடந்ததாகக் கூறும் கதை ஒரு தனிவகை என்பதை ஒப்புக்கொண்ட இலக்கணம் நம்முடையது. அத்தகைய கதையைக் கண்டு நாணுதற்கு யாதொரு காரணமும் இல்லை.

மணிமேகலையைப் பாடிய சாத்தனார் மதுரைக் கூலவாணிகர். கண்ணகிக்கு மதுரைமாதெய்வம் பழவினை உரைத்ததை வெள்ளியம்பலத்து நள்ளிரவிற் கிடந்து தாம் கேட்டதாக அவர் இளங்கோவடிகளிடம் கூறிய செய்தியைச் சிலப்பதிகாரப் பதிகம் தருகின்றது. தெய்வம் பேசக் கேட்ட கூலவாணிகர் என்பது வியப்பான சேர்க்கைதான். எனினும் அவர் காப்பியத்தைக் கற்பார் இரண்டு தொழிலையும் அதிற் காண்பர். தெய்வம் வந்து தோன்றும். உடனே பசிக்கும் சோற்றுக்கும் கணக்குப் பார்க்கப்படும்.

கதைத்தலைவியின் இளமையை ஆசிரியர் பலகால் நினைவூட்டுகின்றார். தந்தை கொலையுண்ட செய்தியைக் கேட்டு அவள் வடித்த கண்ணீர் தொடுத்த மாலையைக் கெடுக்க, வேறு மலர் கொய்தற்கு உவவனம் செல்கின்றாள். அரசிளங்குமரன் உதயகுமரன் தேரேறிப் பின்தொடர்கின்றான். அவள் பளிக்கறையுட் புகுந்து மறைகின்றாள். வெளியே நிற்பார்க்கு உருவம் தோன்றும், கைக்கு எட்டாது. மந்திரம் ஏதும் பெறாத நிலையில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த காப்பு அப்பளிங்குச் சுவர் ஒன்றே. பின்னர் அவள் பெறும் மந்திரங்கள் யாவும் அச்சுவரின் வேலையையே வேறு வகையிற் செய்கின்றன என எமக்குத் தோன்றுகின்றது. அன்றிரவு மணிமேகலா தெய்வம் துயிலும் அவளை எடுத்துச் சென்று முப்பது யோசனைக்கு அப்பால் மணிபல்லவத் தீவில் வைத்துவிட்டுப் போகின்றது. அவளை எவரும் கேட்கவில்லை. அவள் எதையும் வேண்டவும் இல்லை.

துயிலெழுந்தவள் அறியாத கடற்கரையிற் கிடக்கின்றாள். தோழி சுதமதியைப் பெயர் கூறி அழைக்கின்றாள், விடை இல்லை. இறந்த தந்தையை நினைந்து அழுகின்றாள். மணிபல்லவத்துத் துயருற்ற காதை என அமைந்த இப்பகுதி அளவிற் சிறிது. தேர்வு வினாக்களில் இஃது இடம் பெறுவது அரிது. இளையோர் புதினம் எழுதுவார் ஒருவர் இந்நூலினின்று ஒரே ஒரு காதையைத்தான் கற்கலாம் எனின், யாம் இதனையே கற்குமாறு கூறுவோம். வியப்பு வருவதற்கு முன் தனிமை வரவேண்டும் என்பதை ஆசிரியர் நன்கு அறிந்திருந்தார்.

அதன்பின் புத்த பீடிகையைக் காண்கின்றாள், பழம்பிறப்பை உணர்கின்றாள். முற்பிறப்பில் அவள் அசோதர நாட்டு அரசன் இரவிவன்மன் மகள் இலக்குமி. பாம்பின் நஞ்சால் இறந்த அவள் கணவன் இராகுலனே இப்பிறப்பில் உதயகுமரன். மாதவியும் சுதமதியும் அவளுடைய தமக்கையராக இருந்தவர். யாரிடமிருந்து ஓடி ஒளிந்தாளோ அவனே தன் பழைய கணவன் என்னும் அறிவு அவளுக்கு விடுதலையாக வரவில்லை, சுமையாக வருகின்றது. உவவனத்திலேயே தன் நெஞ்சம் அவன்பாற் சென்றதன் காரணம் அவளுக்கு இப்போது விளங்குகின்றது. ஒருபாற் காதல் அறிவு, மற்றொருபாற் கடமையறிவு. இரண்டும் ஒரே நாளில்.

மந்திரங் கொடுத்த காதைக்கு வருவோம். தெய்வம் தரும் மந்திரங்கள் மூன்று: வேற்றுருக் கொள்ளுதற்கு ஒன்று, வான்வழிச் செல்லுதற்கு ஒன்று, பசியை நீக்குதற்கு ஒன்று. முதலிரண்டனையும் தருங்கால் தெய்வம் கூறும் காரணம் நம்மைத் திடுக்கிடச் செய்வது. பல்வேறு சமயத்தார் கொள்கைகளையும் நீ கேட்டறிய வேண்டும். ஆயின் நீ இளையவள், வளையணிந்த பெண் என்று கருதி எவரும் உனக்கு உண்மைப் பொருளை உரைக்கமாட்டார். ஆதலின் வேற்றுரு எய்தும் மந்திரத்தைக் கொள்க என்கின்றது. உலக இலக்கியத்தில் மந்திரம் பெறுதற்குக் கூறப்பட்ட காரணங்கள் பல: பகை வெல்லுதல், செல்வம் எய்துதல், காதலியை அடைதல் எனப் பெருகும். கல்விச்சாலையின் கதவு ஒரு பெண்ணுக்குத் திறவாது என்பதற்காகத் தரப்பட்ட மந்திரத்தை வேறெங்கும் யாம் கண்டிலேம். மாயம் என்று நாம் ஒதுக்கும் இவ்விடத்திலேதான் சாத்தனார் தம் காலச் சமுதாயத்தை மிகக் கூர்மையாகக் குறை கூறுகின்றார். இதனை மறைத்துவிட்டு, இயற்கை இறந்த நிகழ்ச்சிகள் மலிந்தமையால் இக்காப்பியம் சிலம்பினும் தாழ்ந்தது எனத் தேர்வுத்தாளில் எழுதச் செய்கின்றோம்.

மூன்றாம் மந்திரம் வரும் முறையும் நோக்கத்தக்கது. இரண்டனையும் தந்து விண்ணில் எழுந்த தெய்வம், மறந்தது ஒன்று உண்டு என்று மீண்டும் இறங்கி வருகின்றது. மக்கள் உடம்பு உணவினால் ஆனது என அறிவுறுத்திப் பசி தீர்க்கும் மந்திரத்தைத் தந்து செல்கின்றது. தெய்வத்திற்குப் பசி இன்மையின் பசியை மறந்தது போலும். கூலவாணிகர் மறக்கவில்லை.

இவ்விடத்தில் சீவகனை ஒப்புநோக்குதல் பயன் தரும். திருத்தக்கதேவரின் சிந்தாமணியிலும் இளந்தலைவன் ஒருவன் மூன்று மந்திரம் பெறுகின்றான். தன்னால் நற்கதி எய்திய சுதஞ்சணன் என்னும் தேவன் அவற்றை அவனுக்கு உரைக்கின்றான். காமனும் விரும்பும் இனிய குரலைத் தருவது ஒன்று. பாம்பின் நஞ்சும் கொடிய நோயும் போக்குவது ஒன்று. வேண்டிய உடம்பைத் தருவது ஒன்று. எண்ணிக்கை ஒன்றே, வேற்றுருவும் பொது. பயன்பாடோ வேறு. நச்சுநீக்கும் ஆற்றலால் பதுமையைக் காத்து அவளை மணக்கின்றான். கிழவேடம் பூண்டு பாடிச் சுரமஞ்சரியை அடைகின்றான். அவன் வேற்றுருக் கொள்வது பெண்ணின் கதவு திறத்தற்கு. மணிமேகலை வேற்றுருக் கொள்ள வேண்டுவது அறிவின் கதவு திறத்தற்கு. சீவகன் கதையில் மந்திரத்தால் எவர்க்கும் தீங்கு விளையவில்லை என்பதும், அதனாலேயே அது நம் நெஞ்சில் ஆழப் பதியவில்லை என்பதும் எம் கருத்து. சிந்தாமணியை விரும்புவார் எம்மைப் பொறுப்பாராக.

அமுதசுரபி மந்திரமன்று, கருவி. ஆயினும் அதற்கும் விதிகள் உண்டு. கோமுகிப் பொய்கையில் வைகாசி விசாகத்து நாளில் மட்டுமே அது வெளிப்படும் என்பதைத் தீவதிலகை உரைக்கின்றாள். மணிமேகலை கையில் வந்தபின்னும், கற்புடைய மகளொருத்தி இடும் முதற் பிச்சை வேண்டும்; ஆதிரை இட்டபின்னரே அது சுரக்கின்றது. மாயம் தனித்து இயங்காது. பிறர் ஒருவரின் நல்லறத்தோடு கூடியே இயங்கும். எல்லையில்லாத ஆற்றல் கதையைக் கொல்லும் என்பதை இக்காலப் புதின ஆசிரியர் பெரிதும் பேசுவர். சாத்தனார் பேசாது செய்து காட்டினார்.

அப்பாத்திரத்தின் முதல் உரிமையாளன் வேறோர் இளைஞன். மதுரையைக் களமாகக் கொண்டு நோக்குங்கால் அவனே நமக்கு அணுக்கன். குமரியாடச் சென்ற சாலி என்னும் பார்ப்பனி பெற்று இரக்கமின்றி விட்டுச்சென்ற குழவி அவன். ஏழு நாள் பசு ஒன்று பாலூட்டிக் காத்தமையால் ஆபுத்திரன் எனப்பட்டான். இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான், மறையும் கற்பித்தான். வேள்விக்குரிய பசுவை இரவில் அவிழ்த்துக்கொண்டு போன குற்றத்திற்காக ஊரார் அடித்தனர், பிறப்பைச் சொல்லி இழித்தனர், வளர்த்தவனும் கைவிட்டான். பிச்சைக்குச் சென்ற கடிஞையிற் கல்லை இட்டனர். அவன் தென்மதுரைக்கு வந்தான். சிந்தாதேவி கோயிலின் முன்னுள்ள அம்பலத்தில் தங்கினான். செல்வர் மனைதோறும் இரந்து வந்து, காணார் கேளார் கால் முடப்பட்டோர் பிணியுற்றோர் யாவரையும் அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, கடிஞையே தலையணையாகத் துயின்றான்.

மழை பொழியும் இருளிரவு ஒன்றில் பசித்தோர் சிலர் வந்து அவனை எழுப்புகின்றனர். இரந்துண்ணும் அவனிடம் கொடுக்க யாதும் இல்லை. அவன் வருந்தி நின்ற அந்நிலையில் தேவி தன் கைப்பாத்திரத்தை அளிக்கின்றாள். நாடு வறங்கூரினும் ஓடு வறங்கூராது, வாங்குவோர் கைதான் வருந்தும் என்பது அவள் கூறும் உறுதிமொழியின் பொருள். ஈண்டு ஒரு நுட்பம் உளது. சிந்தாதேவி கலைமகள் என்பர் உரையாளர். கலைமகள் கோயிலிற் கிடைத்தது நூல் அன்று, சோறு. கல்வியால் ஊரினின்றும் துரத்தப்பட்டவனுக்குக் கல்வித்தெய்வம் செய்த கழுவாய் இது என்று கூறின் மிகையாகுமோ? மிகையாயினும் ஆகுக, மதுரைத் தெருவில் ஆதரவற்ற ஒரு பிள்ளைக்கு மாயம் வாய்த்த இவ்வொரு காட்சி தமிழிலக்கியத்தில் ஒப்பற்றது.

அடுத்து வருவது இன்னும் வியப்பானது. ஆபுத்திரனின் அறம் இந்திரனது இருக்கையை நடுங்கச் செய்கின்றது. கிழ அந்தணனாய் வந்து வரம் தருவேன் என்கின்ற இந்திரனை நோக்கி இளைஞன் நகைக்கின்றான். பசித்தார் முகம் மலர்வதைக் காட்டும் பாத்திரம் இருக்க நின் வானுலகம் எனக்கு எதற்கு என்பது அந்நகையின் கருத்து. இந்திரன் செய்த பழி என்ன தெரியுமா? அவன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை, சாபமும் இடவில்லை. பாண்டிநாட்டில் மழையை நிரம்பப் பெய்வித்தான். விளைவு பெருகிற்று, பசித்தவர் இல்லாயினர். அம்பலத்தில் வீணரும் சூதாடுவோரும் கூடினர். பாத்திரத்தை ஏந்தி மனைதோறும் சென்று உண்பார் உளரோ என அழைக்கும் ஆபுத்திரனை ஊர் எள்ளி நகையாடிற்று. ஆற்றல் இருந்தும் அதனை வேண்டுவார் இல்லாத துன்பத்தை இங்ஙனம் கூறிய கதை பிறிதொன்று யாம் அறியேம். நாடு வளம் பெற்றமைக்கு மகிழ்வதா, இளைஞன் நிலைக்கு இரங்குவதா என்று கற்பார் நெஞ்சம் இருபாற்படுகின்றது. வகுப்பில் இப்பகுதியைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் கருத்து இரண்டாகப் பிரிவதைக் கண்டுள்ளோம். பசியுள்ள சாவகம் நோக்கி அவன் கப்பலேறியதும், காற்றால் மணிபல்லவத்தில் நின்ற கப்பல் அவனை விட்டுச் சென்றதும், உண்பாரில்லாத தீவில் தான் மட்டும் உண்ண மனமின்றிப் பாத்திரத்தைக் கோமுகியில் விடுத்து உயிர் நீத்ததும் யாவரும் அறிந்தவை.

இனி மணிமேகலையின் பிழைக்கு வருவோம். பிழை என்ற சொல்லை ஆராய்ந்தே எழுதுகின்றோம். வேற்றுரு மந்திரம் சமயக் கணக்கரைக் கேட்பதற்கெனத் தரப்பட்டது. அவள் அதனை முதற்கண் பயன்படுத்தியது அதற்கன்று. உலகவறவியில் உதயகுமரன் வந்து நெருங்கவே, யானைத்தீ நோய் நீங்கித் தன் ஊர்க்குச் சென்ற காயசண்டிகை என்னும் விஞ்சை மகளின் உருவை ஏற்றாள். அவ்வுருவோடு சிறைக்கோட்டத்திற் புகுந்து பசித்தோரை ஊட்டினாள், சிறை அறக்கோட்டமாயிற்று. இது வரையில் நன்றே. ஆனால் உருவம் ஒருவரது உடைமை. அதற்குரிய கணவன் ஒருவன் உளன். காஞ்சனன் மனைவியைத் தேடிப் புகார் வருகின்றான். தன் மனைவி எனத் தான் கண்டவள், தன்னை அயலான்போல் நீங்கிச் சென்று, உதயகுமரனுக்கு நரைமூதாட்டி ஒருத்தியைக் காட்டி இளமை நிலையாமையை அறிவுறுத்திக்கொண்டிருக்கின்றாள். சொல் அவன் செவிக்கு எட்டவில்லை. காட்சி மட்டும் கண்ணுக்கு எட்டிற்று. அன்றிரவு அவன் வாள் அரசிளங்குமரனை வீழ்த்திற்று.

காயசண்டிகையோ மீளும் வழியில் விந்தமலையின்மேற் பறந்து, அம்மலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றில் அகப்பட்டாள். கடன்வாங்கிய உருவின் உரிமையாளர் முன்னரே மறைந்துவிட்டனர். ஒரு மந்திரச் சொல். இரண்டு குடும்பங்கள் அழிந்த களத்தில் அதன் நிழல் கிடக்கின்றது. லெ குவினின் சிறுவன் செருக்கினால் நிழலை அழைத்தான். மணிமேகலையிடம் செருக்கு இல்லை. அச்சமும் அருளும் மட்டுமே இருந்தன. ஆதலின் சாத்தனார் கூறும் பிழை அதனினும் கடியது என்போம். நல்லெண்ணத்தாற் செய்தது கொலையில் முடிந்தது.

கந்திற்பாவை இதனைப் பழவினை எனக் கூறி அவளைத் தடுத்து ஆற்றுவிக்கின்றது. உரையாசிரியரும் பெரும்பாலோர் அவ்விளக்கத்தோடு அமைவர். அவ்விளக்கம் பௌத்தக் கோட்பாட்டிற்கு முற்றும் இயைந்ததே, அதனை மறுக்கவில்லை. எனினும் அதற்குமுன் அவள் அரற்றிய சொற்களையும் கருத வேண்டும். பிறந்த பிறப்புகளில் நீ நஞ்சால் இறந்தாய், நான் தீயில் உயிர்விட்டேன். இப்பிறப்பில் உனக்கு அறம் உணர்த்தவே காயசண்டிகை வடிவு கொண்டேன். நீ விஞ்சையன் வாளால் இறந்தனையே என்னும் பொருள்பட அவள் அழுகின்றாள். வினை என்று கூறுவது தெய்வப்பாவை. வடிவு கொண்டேன் என்று கூறுவது அவள். இரண்டு குரலையும் ஆசிரியர் வைத்தார். ஒன்றை மட்டும் கேட்பது நம் குறை.

இப்பிழையின் பின்னர் மந்திரங்கள் அவள் கையில் வேறு தன்மை பெறுகின்றன. மகனை இழந்த அரசி இராசமாதேவி அவளைச் சிறையிலிட்டு மயல்மருந்து ஊட்டினாள், அறிவு திரியவில்லை. இளைஞன் ஒருவனை ஏவினாள். மணிமேகலை ஆண்வடிவு கொண்டு நிற்க அவன் அஞ்சி ஊரை விட்டே ஓடினான். உணவின்றி அடைத்தாள், பசி அணுகவில்லை. இறுதியில் அரசியே நடுங்கி வணங்கினாள். ஒறுத்தற்குரிய ஆற்றல் கைவசம் இருந்தும் அவள் அரசியை ஒறுக்கவில்லை. மகனை இழந்தாள் துயரம் எது காரணமாக வந்தது என்பதை இருவரும் அறிவர்.

மணிமேகலையோடு ஒப்பிடத்தக்க மற்றொரு பெண்குரல் சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வரும் வழியில் ஒலிக்கின்றது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மூன்று வழிகளைக் கூறுங்கால், இடப்பக்கத்து வழி திருமால்குன்றத்தை அடையும் என்றும், ஆண்டுப் பிலத்துள் மூன்று பொய்கைகள் உண்டென்றும் உரைக்கின்றான். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் இந்திரன் இயற்றிய இலக்கணம் கைவரும். பவகாரணியில் மூழ்கினால் பழம்பிறப்பு விளங்கும். இட்டசித்தியில் மூழ்கினால் எண்ணியது எய்தும். இன்று அழகர்மலை எனப்படும் குன்றம் அது. சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் மூன்றனையும் மறுக்கின்றார். இந்திரன் நூல் எம் அருகன் நூலிலேயே உளது. பழம்பிறப்பு இப்பிறப்பின் நிகழ்ச்சிகளிலேயே தோன்றும். வாய்மை தவறாது உயிரோம்பி வாழ்வார்க்கு எய்தாத பொருள் இல்லை என்பது அவர் விடை. மாயத்தை மறுக்கும் பகுத்தறிவு தமிழிற் புதிதன்று. அது வரும் இடமும் மாயக் கதையின் நடுவே.

கவுந்தி வேண்டா என்று விலக்கிய பவகாரணியின் பயனை மணிமேகலை மணிபல்லவத்தில் எய்தினாள். இரு காப்பியங்களையும் இரட்டை என்கின்றோம்; இவ்வொரு செய்தியில் அவை எதிரெதிரே நிற்கின்றன. சமய வேறுபாடு காரணம் எனின் எளிதில் முடியும். யாம் கருதுவது வேறு. கவுந்தி முதியவர், வாழ்ந்து பெற்ற தெளிவு அவர்க்கு உண்டு, பொய்கை அவர்க்கு மிகை. மணிமேகலை இளையவள், தன்னைத் துரத்துவது யாது என்றே அறியாதவள். முதியவர் மறுக்கத்தக்கதை இளையவர் பெறவேண்டியிருக்கின்றது. இளமையின் கதைக்கு மாயம் ஏன் இயல்பாகப் பொருந்துகின்றது என்பதற்கு இதனினும் நல்ல விளக்கத்தை மேனாட்டுத் திறனாய்விலும் யாம் கண்டிலேம். அதே காதையில் கானுறை தெய்வம் வயந்தமாலை வடிவில் வந்து மயக்கக் கோவலன் பாய்கலைப்பாவை மந்திரத்தை ஓதி அதனை விலக்குவதும் நினைக்கத்தக்கது, விரிப்பிற் பெருகும்.

மணிமேகலை இளையோர் புதினமாகுமோ என்பார்க்கு, ஆகாது என்றே விடை கூறுவோம். காப்பியம் காப்பியமே, இருபத்தேழாம் காதையையும் இருபத்தொன்பதாம் காதையையும் பொழுதுபோக்காகப் படிப்பார் எவரும் இல்லை. ஆனால் அவ்விரண்டு காதைகளும் மாயக் கதையோடு ஒட்டாதவை, சமய நூலினின்று எடுத்துச் செருகியவை என்னும் கூற்றை ஏற்கோம். வஞ்சி மாநகரில் மணிமேகலை மாதவன் வடிவு கொண்டு அளவைவாதி முதலிய சமயக் கணக்கரை ஒருவர்பின் ஒருவராக வினவுகின்றாள். மணிபல்லவத்தில் தெய்வம் எதற்காக அம்மந்திரத்தைத் தந்ததோ அப்பணி பதினேழு காதை கடந்து இங்கேதான் நிறைவேறுகின்றது. இளையள், வளையோள் என்று வாய்திறவாதிருக்கக்கூடியவர்கள் துறவி வடிவைக் கண்டு தாராளமாகப் பேசுகின்றனர். இருபத்தேழாம் காதையை நீக்கினால் பத்தாம் காதையை எழுதிய காரணமே அழியும்.

பின்னர்க் கச்சியை அடைந்து, வற்கடத்தால் வாடிய உயிர்களுக்கு அமுதசுரபியால் உணவளித்தபின், அறவணவடிகள்முன் அவள் வந்து நிற்கின்றாள். வேற்றுருக் கொண்டு ஐவகைச் சமயத்தாரையும் கேட்டேன். அவை செவ்விதாகத் தோன்றாமையின், அவ்வேற்றுருவைக் களைந்தது போலவே அவற்றையும் சிந்தையில் வைத்திலேன். அடிகள் மெய்ப்பொருளை அருளவேண்டும் என்கின்றாள். அறவணவடிகள் விடையாக மந்திரம் எதனையும் தரவில்லை. காட்சி, கருத்து என்னும் அளவை இரண்டையும் கூறி, ஏதுவின் வகைகளையும் போலிகளையும் ஒவ்வொன்றாக விரித்துரைக்கத் தொடங்குகின்றார்.